பொருள்: வடிகால் தொடர்பாக

என்மேல் இருபத்தேழு புகார்கள்.
புதுப்பாளையத்துக்குக் குடிவந்து
பதினோரு மாதம்தான் ஆகிறது.

ஸ்கூட்டர் சீட்டில் கல் வைத்த காகிதம்:
"தங்கள் வாகனம் எனது வாசற்படியை
நான்கு அங்குலம் ஆக்கிரமித்துள்ளது."
இன்னொன்று:
"குக்கர் விசில் ஐந்து.
பருப்புக்கு மூன்று போதும்."

தெய்வசிகாமணி,
பொதுப்பணித்துறை கண்காணிப்பாளர், ஓய்வு.
பேனாவுக்கு ஓய்வு தர மறந்துட்டாங்க
என்பாள் மெகருன்னிசா.
தையல் மிஷின் சத்தத்துக்கு
ஒன்பது காகிதம் வாங்கியவள்.

விருத்தாம்பாள் இருந்தவரை இப்படி இல்லையாம்.
எழுதியதை அவள் கையில் கொடுத்து
"குடுத்துட்டு வா" என்பாராம்.
கடுகு டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்துவிட்டு
"குடுத்துட்டேன்" என்பாளாம்.

போன ஐப்பசியில்
என் வார்டில்தான் போனாள், ஏழாம் கட்டில்.
டிரிப் ஸ்டாண்டு கிறீச்சிடுகிறதென்று
அன்றும் ஒரு காகிதம் நீட்டினார்.
எண்ணெய் விட்டேன்.
அந்த நர்ஸ் நான்தான் என்று
அவருக்குத் தெரியுமோ என்னவோ.
நானாகச் சொல்லவில்லை.

கார்த்திகையில் கெடிலம் கரைதொட்டு ஓடியது.
வடிகால் எதிர்த்துக்கொண்டு தெருவுக்குள் ஏறியது.
முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்த
அஞ்சலாட்சியின் சங்கராக் கூடை
அவள் அடுப்பங்கரையிலேயே மிதந்தது.
புடவையைச் செருகிக்கொண்டு போய்
அவர் கதவைத் தட்டினாள்.

"ஐயா, மீன் நாத்தம்னு என்னைப் பத்தி
கலெக்டருக்கே எழுதினீங்களே,
என்னமா எழுதினீங்க!
ரெண்டு ஆபீசருங்க வீடு தேடி வந்தாங்க.
அதே மாதிரி
இந்தச் சாக்கடையப் பத்தி எழுதுங்க."

கதவைச் சாத்திக்கொண்டார்.
சன்னலுக்குப் பின்னால் தெருவே நின்றது.

பிறகு கதவு திறந்தது.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
நேராக மெகருன்னிசா வாசலுக்கு வந்தார்.
காகிதம் இல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை.
"இஞ்சுடேப் இருக்கா?"

பதினாலே கால் அங்குலம்.
"எத்தனை மணிக்கு ஏறிச்சு?"
"விடியக்காலம்."
"விடியக்காலம்னு எழுத முடியாது. மணி சொல்லு."
முப்பத்தொரு கையெழுத்து.
இனிஷியல் இல்லையென்று இரண்டைத் திருப்பி அனுப்பினார்.
ஒரு பயல் 'கால்வாய்'க்குக் கொம்பு போட்டிருந்தான்.
அதற்கு ஒரு வசவு, தனியாக.

திங்கட்கிழமை குறைதீர் நாள்.
ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் மஞ்சக்குப்பம் போனோம்.
"அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க,
மிச்சமெல்லாம் இவரு கேட்டாரு"
என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள் அஞ்சலாட்சி.

ஒரு பக்கம் தூர் வாரினார்கள்.
மறுபக்கம் அப்படியேதான் கிடக்கிறது.
நினைவூட்டு நான்கு போயிருக்கிறது.

இப்போது சாயங்காலமானால்
அவர் முன்னறையில் ஆட்கள்.
பட்டாவில் அப்பன் பெயர் தப்பு,
வராத பென்ஷன்,
எரியாத தெருவிளக்கு.
"வரிசையாச் சொல்லு. அழுவாதே. தேதி சொல்லு."
குணம் ஒன்றும் மாறவில்லை.
போன வாரம்கூட என் முருங்கை இலைகளை
ஒரு பையில் பொறுக்கிப் போட்டு
கேட்டில் மாட்டியிருந்தார்.

செத்துப்போன தாயின் பெயரை
ரேஷன் அட்டையிலிருந்து நீக்க வந்தவனுக்கு
மளமளவென்று எழுதிக் கொடுத்தார்.
அவருடைய அட்டைக்கு இன்னும்
இரண்டு நபர் என்றுதான் பில் வருகிறதாம்.
கடைக்காரர் சொன்னார்.
அதைப் பற்றி மட்டும்
இந்தத் தெருவில் யாரும் புகார் எழுதவில்லை.

நேற்று விடிகாலை,
ஷிப்ட் முடிந்து வண்டியை நிறுத்தினேன்.
வாசலிலேயே நின்றிருந்தார்.
கையில் இருபத்தெட்டாவது, கார்பன் நகலோடு.

"தங்கள் வாகனத்தின் முன்விளக்கு
மூன்று நாட்களாக எரியவில்லை.
இரவுப் பணி முடித்து வருகிறீர்கள்.
டிரிப் ஸ்டாண்டுக்கு எண்ணெய் விட்டது போல
இதையும் உடனே கவனிக்கவும்."

அவர் பேனாவையே வாங்கி
'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி,
இனிஷியலோடு கையெழுத்துப் போட்டு,
நகலைத் திருப்பிக் கொடுத்தேன்.